எண்பத்தாறு சென்டிமீட்டர்

20-9-2007, வியாழன்

இணையத்தில் விற்ற இருபது பனியன் துணிக் கவுன்களை ஜெர்மனிக்கு அனுப்பக் கூரியர் அலுவலகம் போனேன். படிவத்தில் சுங்க எண் எழுதாமல் பார்சலை எடுக்க மாட்டார்களாம். லேபிளில் இரண்டு வயது என்று இருப்பதைக் காட்டினேன்.

அங்கிருந்த பெரியவர் தடித்த புத்தகத்தைப் புரட்டினார். "வயசு கணக்கில்லீங்க அம்மிணி. எண்பத்தாறு சென்டிமீட்டர் ஒசரத்துக்குள்ள இருக்கற கொழந்தைக்குன்னா ஒரு நம்பர். அதுக்கு மேலன்னா வேற நம்பருங்க. இது எத்தன ஒசரத்துக்கு?"

"எண்பத்து நாலுங்க. எம் புள்ளைய நிக்க வெச்சு வெட்டுன அளவு" என்றேன், யோசிக்காமலே.

அவர் சிரித்தார். "புள்ளைங்க மாசத்துக்கு மாசம் வளருதுங்க. ஊட்டுக்குப் போயி இன்னொருக்கா அளந்துட்டு வாங்க. தப்பா எழுதுனா அங்க நிறுத்திப்போடுவாங்க."

என் மகள் யாழினி இறந்து இரண்டு வருடம் ஆகிறது என்று சொல்ல வாய் வரவில்லை. சரிங்க என்று பார்சலைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன். எண் தெரிந்துபோன பிறகும் ஏன் அங்கேயே எழுதிக் கொடுக்கவில்லை என்று தெரியவில்லை.

பெயிண்டரைக்கூடத் தொடவிடாத கதவு நிலையில் அவள் உயரத்துக்குப் போட்ட பென்சில் கோடு இருக்கிறது. வந்ததும் டேப்பை எடுத்து அதில் வைத்தேன். வீட்டிலிருந்த என் கணவர் பார்த்துக்கொண்டே இருந்தார். குனிந்து டேப்பின் கீழ் நுனியைத் தரையோடு பிடித்துக்கொண்டார்.

எண்பத்து நாலுதான்.