சவுரியப்பனின் டிரம்மை மீட்டுத் தரக் கோரி

அனுப்புநர்:
கா. காவேரி,
மெல்லிசைப் பாடகி,
கடைத்தெரு, பாப்பிரெட்டிப்பட்டி.

பெறுநர்:
உயர்திரு மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள்,
தர்மபுரி.

பொருள்: ஒகேனக்கல் படித்துறையில் பறிக்கப்பட்ட டிரம்மைத் திரும்பப் பெற்றுத் தரவும், பரிசல்காரர் மாரப்பனை மறுபடி தொழில் செய்ய விடவும் வேண்டுதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

தங்கள் அலுவலக வாசலில் மனு எழுதுபவரிடம் நடந்ததைச் சொல்லத் தொடங்கியதுமே எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "சிரிச்சுக்கிட்டே புகார் குடுத்தா யாரும்மா நம்புவாங்க?" என்று எழுந்து போகச் சொல்லிவிட்டார். ஆகையால் நானே எழுதுகிறேன். பிழை பொறுத்தருள வேண்டும். சிரிப்பையும்.

1. எங்கள் இன்னிசைக் குழுவில் நால்வர். நான் பாட்டு, அப்துல் சுபான் ஆர்மோனியம், அன்வர் பாஷா பலகுரல், சவுரியப்பன் டிரம். பொம்மிடி ரயில் நிலையத்தில் அன்வர் ஒருநாள் இஞ்சினைப் போல ஊதிக் காட்ட, பயணிகள் மூட்டையைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தார்கள். கொடியோடு ஸ்டேஷன் மாஸ்டரும் வந்தார். சவுரியப்பன் அடித்த அடியில் ஒரு கல்யாணத்தில் டிரம் மேடையை விட்டு உருண்டு ரச அண்டாவில் விழுந்தது. ரசம் சொட்டச் சொட்ட அதை எடுத்துவந்து அடித்து, பாட்டை முடித்துவிட்டுத்தான் அவர் எழுந்தார்.

2. இந்த இருவரும் இவ்வாண்டு எய்ட்ஸ் நோயால் இறந்தார்கள். பங்குனியில் அன்வர், சென்னையில் ஒரு மருத்துவமனையில். உடலைச் சுற்றிக் கட்டியே கொடுத்தார்கள். முகம் பார்க்க விடவில்லை. ஆவணியில் சவுரியப்பன், தன் வீட்டில். அவருக்குக் கஞ்சி ஊட்ட நானும் சுபானும் தவிர ஆள் இல்லை. எப்படி வந்தது நோய் என்று ஊரே எங்களிடம் கேட்டது. அவர்கள் பேரைச் சொல்லி ஒருவரும் வருத்தப்பட்டுக் கேட்கவில்லை.

3. கடைசியாகச் சவுரியப்பன் சொன்னது: "எனக்காவ அழுவாதீங்க. ஒகேனக்கல்ல பரிசல் ஏறி என் டிரம்ம அடிங்க. அன்வருக்குக் கேக்கோணும்."

4. அதன்படி 10-12-1989 ஞாயிறன்று போனோம். எங்கள் இருவருக்கும் டிரம் அடிக்கத் தெரியாது. சுபான் அடித்தார், நான் பாடினேன், தாளம் ஒருபக்கம், பாட்டு ஒருபக்கம். மாரப்பன் துடுப்பை நிறுத்திவிட்டு, "ஏம்மா, இது கல்யாண மேளமா, சாவு மேளமா?" என்றார். "ரெண்டுந்தானுங்க" என்றேன். அவர் பரிசலைப் பம்பரமாகச் சுற்றிவிட்டார். சுபானின் தொப்பி ஆற்றோடு போயிற்று. பக்கத்துப் பரிசல்களில் கைதட்டினார்கள். கரையில் மீன் வறுக்கும் குள்ளம்மாள் சட்டுவத்தோடு ஆடினார். சிரித்துச் சிரித்து எனக்கு விலா வலித்தது. பங்குனியிலிருந்து வராத அழுகையும் அதே சமயம் வந்தது.

5. கரையேறியதும் படித்துறைக் குத்தகைதாரர் யாருக்காக இந்தக் கொண்டாட்டம் என்று விசாரித்தார். ஒளிக்கத் தோன்றாமல் நோயின் பெயரையும் சொல்லிவிட்டேன். "அந்த நோவு தண்ணியில பரவும், ஆறே கெட்டுப்போவும்" என்று சத்தம் போட்டு, டிரம்மின் மேல் பினாயில் ஊற்றி, கொட்டகையில் போட்டுப் பூட்டினார். மாரப்பனின் பரிசலை அன்றிலிருந்து தண்ணீரில் இறக்க விடவில்லை. எங்களை ஏற்றிய குற்றத்துக்கு அவர் வீட்டில் உலை வைக்க வழியில்லை. கூட்டம் விலகி நின்றது. குள்ளம்மாள் மட்டும் எங்கள் கையைப் பிடித்து உட்கார வைத்து, "தின்னுட்டுப் போங்க, இது என்ன அநியாயம்" என்று வறுவலை இலையில் போட்டார்.

6. தொட்டால், குளித்தால், கூடச் சாப்பிட்டால் இந்த நோய் ஒட்டாது என்று சென்னை மருத்துவர் எங்களிடம் சொன்னார். சவுரியப்பனைக் குளிப்பாட்டியவள் நான், நன்றாக இருக்கிறேன். ஆனால் பாடகி சொன்னால் படித்துறையில் எடுபடாது.

எனவே டிரம்மை எங்களிடம் ஒப்படைக்கவும், மாரப்பனைப் பரிசல் ஓட்ட விடவும், ஒரு அரசு மருத்துவரைப் படித்துறைக்கு அனுப்பி உண்மையை ஒலிபெருக்கியில் சொல்லச் செய்யவும் தாழ்மையுடன் வேண்டுகிறேன்.

தைப் பொங்கல் கழிந்து மறுபடியும் போவதாக இருக்கிறோம். பரிசலில் நால்வர் உட்காரலாம், ஐயா. நாங்கள் இருவர்தான் இருக்கிறோம். தாங்களும் தங்கள் வீட்டு அம்மாவும் வந்தால் பரிசல் ஒருபக்கம் சாயாமல் போகும்.

நாள்: 18-12-1989
இடம்: தர்மபுரி

இப்படிக்கு,
தங்கள் பதிலை எதிர்பார்க்கும்
கா. காவேரி

சாட்சிகள்:
அப்துல் சுபான் (ஒப்பம்)
குள்ளம்மாள் (கைநாட்டு)