பழைய மூன்று, புது மூன்று

5.3.84
கங்காவுக்குச் சளி. அலுவலகத்தில் உட்கார்ந்திருந்தும் மனம் தொட்டிலில்தான். இன்று தட்டச்சு செய்த கடிதம்: எங்கள் பழைய எஸ்டேட்டின் மூன்றாம் வாய்க்காலை அடுத்த மாதம் தோண்டி அகலப்படுத்துகிறார்கள். அதன் கரையில்தான் அக்காவைப் புதைத்தது. நான் பிறக்கும் முன்பே, இருபத்தோரு நாளில் போனவள். என் மகளைவிடச் சின்னவளை அக்கா என்று எழுதுகிறேன்.

6.3.84
அம்மாவிடம் சொன்னேன்.
"ஒரு பிடி மண்ணாச்சும் எடுத்தாந்துரணும் புள்ள. சரியான எடத்தப் பாரு."
புதைத்த அன்று அம்மா அந்த இடத்தைப் பார்க்கவே இல்லை. பிள்ளை பெற்ற பச்சை உடம்பு, வரக்கூடாதென்று லயத்து வீட்டிலேயே இருத்திவிட்டார்கள். சர்வேக்காரர்களுக்குச் சங்கிலி பிடித்த அப்பா வந்து சொன்னது இவ்வளவுதான்: மூணாம் வாய்க்கா, தண்ணிக் கதவிலேருந்து ஒரு சங்கிலி, அறுவத்தாறு அடி. அதே மாதம் இருவரும் கலும்பாங் ஊருக்குப் போய்விட்டார்கள். அப்பா அங்கேயே இறந்தார். அறுபத்தைந்தில் என்னோடு திரும்பிய அம்மா, லயம் இடிந்து செம்பனை நின்ற இடத்தில் '3' என்ற பலகையைத் தேடிப் பிடித்தார். அன்றிலிருந்து வருஷம் தவறாமல் அங்கே பால் ஊற்றுகிறார்.

9.3.84
அலுவலகத்தில் படம் வரையும் உமாபதி அண்ணன் துணியில் ஒட்டிய வாய்க்கால் வரைபடத்தை விரித்தார். 1951.
"பழைய மூணா, புது மூணாம்மா? அறுவத்திரெண்டுல கடல் பக்கம் ரெண்டு புதுசா வெட்டுனாங்க. நம்பர் மாறிப் போச்சு. பழைய மூணு இப்ப அஞ்சு."
ஐந்தைத் தோண்டவில்லையே?
"அத எழுவத்தாறுலயே தோண்டியாச்சு லா."

10.3.84
அம்மாவிடம் சொல்லவில்லை.

14.3.84
"ஏன்டி மூஞ்சிய அப்படி வச்சிருக்கே? எடம் கெடச்சிச்சா இல்லியா?"
சொல்லிவிட்டேன். எல்லாவற்றையும். பாவி, ஏன் சொன்னேன்?
"அப்ப பத்தொம்பது வருஷமா யாருக்குடி ஊத்துனேன்?"
சாப்பிடவில்லை.

18.3.84
ஐந்தாம் வாய்க்காலுக்குக் கூட்டிப்போனேன். கதவிலிருந்து அறுபத்தாறு அடி. அப்பா நின்ற கரை இல்லை, தண்ணீர்தான். அம்மா பால் போத்தலைத் திறந்தார் — மூடினார்.
"இங்க ஒன்னும் வரலியே, திலகம்."
அழுகையைத்தான் சொன்னார்.
"என்னைய அங்கேயே கூட்டிட்டுப் போயிரு."
மூன்றாம் வாய்க்காலில், எங்கள் பிள்ளை இல்லாத கரையில் உட்கார்ந்து, வாய்விட்டு அழுதார். மண்ணை அள்ளி முந்தானையில் முடிந்தார். நான் தடுக்கவில்லை. எந்த உரிமையில் தடுப்பேன்?

2.4.84
தோண்டும் இயந்திரத்தை ஏற்றிக்கொண்டு லோரி வாசலைத் தாண்டிப் போனது.
"எங்கடி போவுது?"
"அஞ்சாவதுக்கும்மா. கரை சரிஞ்சிருச்சாம்."
அம்மா என் மடியிலிருந்து கங்காவை வாங்கிக்கொண்டார். லோரி மூன்றாம் வாய்க்கால் பக்கம் திரும்பியதை இரண்டு பேருமே பார்த்தோம்.