பெண் ஈ அறியப்படவில்லை

கங்கேமா மேடு
1992 ஜனவரி 12, ஞாயிறு
கோயில் விட்டு வந்த பிறகு

என் மகன் தெவூரியின் வீட்டுக்காரி முரிங்கோவுக்கு, அவனைப் பெற்ற வமைதா எழுதுவது. இங்கே எல்லாரும் இருக்கிறோம், புள்ளிப் பசுவைத் தவிர. பசுவைப் பற்றிப் பிறகு. முதலில் என் கோபம்.

உன் கடிதம் வியாழக்கிழமை தேயிலை லாரியில் வந்தது. பக்கத்து வீட்டு எஸ்தர் பட்டாணி உரிக்கிற சாக்கில் என் வாசலில் உட்கார்ந்திருந்தாள். அவளை வைத்துக்கொண்டு நான் வாய்விட்டுப் படித்தது என் தப்பு. மூன்றாம் வகுப்போடு நின்றவளுக்கு மனசுக்குள் படிக்க வராது.

போன வருஷம் பெருமழைக்கு நீ டென்மார்க்கிலிருந்து நைரோபியில் இறங்கி, வலையும் குப்பியுமாக வந்து என் வீட்டில் பதினொரு நாள் தங்கினாய். என் முகத்தைப் பார்த்ததைவிட ஆட்டுப் புழுக்கையைப் பார்த்தது அதிகம். அப்போது பிடித்ததில் ஒரு ஈ, உலகத்தில் யாரும் இதுவரை எழுதிவைக்காத ஈயாம். அங்கே மியூசியத்தில் பெரியவர்கள் பார்த்து ஒத்துக்கொண்டார்களாம். கண்டெடுத்தவள் நீ என்பதால் பெயர் வைக்கிற உரிமை உனக்காம். என் பெயரை வைக்கப்போகிறாயாம். மார்ச் கடைசியில் அச்சுக்குப் போகிறது, சம்மதமா அம்மா என்று கேட்டிருக்கிறாய்.

அடுத்த பத்தியில் அதன் அங்க அடையாளம். எள்ளளவு இருக்கும். கறுப்பு. கூன் முதுகு. பின்னங்கால் தடித்து மஞ்சளாக இருக்கும். நேராக ஓடத் தெரியாது, கொஞ்சம் ஓடும், நிற்கும், திரும்பி வேறு பக்கம் ஓடும். எஸ்தர் பட்டாணியைக் கீழே வைத்துவிட்டு என்னை மேலிருந்து கீழே ஒரு தடவை பார்த்தாள். "உன் மருமக நல்லா உத்துப் பாத்துத்தாண்டி எழுதியிருக்கா" என்றாள். அன்றைக்கு அவள் பட்டாணி முழுசாக உரிக்கவே இல்லை, சிரிப்பதற்கே பொழுது போய்விட்டது.

முரிங்கோ, நான் எதையும் மறக்கிறவள் இல்லை. முதல் பெண் பிறந்தால் அப்பனைப் பெற்றவள் பெயர். இரண்டாவது பெண்ணுக்குத்தான் அம்மாவைப் பெற்றவள் பெயர். இதை நான் உட்கார்ந்து யோசித்துக் கண்டுபிடிக்கவில்லை. எனக்குத் தெவூரியை விட்டால் வேறு பிள்ளை கிடையாது. என் பெயர் இந்த உலகத்தில் திரும்ப நடப்பதென்றால் உன் வயிறு ஒன்றுதான் வழி.

1980 ஜூனில் உனக்குப் பெண் பிறந்தது. அதற்கு இரண்டு வாரம் முன்னால்தான் உன் அம்மாவை அடக்கம் செய்தோம். நீ அழுதுகொண்டே அவள் பெயரைப் பிள்ளைக்கு வைத்துவிட்டாய். அந்தப் பெயரை எழுத என் பேனாவுக்கு வராது. அடக்கத்துக்கு நானும் வந்தேன், குறை வைக்காமல் அழுதேன். ஆனால் அழுகை வேறு, வரிசை வேறு. ஆஸ்பத்திரிக் கட்டிலில் நீ என் கையைப் பிடித்து, "அடுத்தது உங்களுக்குத்தாம்மா" என்றாய். செவ்வாய்க்கிழமை. வெளியே தூறிக்கொண்டிருந்தது. இப்போது தெவூரி தன் மகளை ஒரு அதட்டுப் போட முடியாமல் திண்டாடுகிறான் என்று கேள்வி. மாமியார் பெயரை எவன் அதட்டுவான்?

அடுத்தது பையன். அவனுக்கு முறைப்படி என் புருஷன் வச்சிராவின் பெயர். அதில் குற்றம் சொல்ல மாட்டேன். ஆனால் எனக்கு ஒரு வேலிக்கம்பு வெட்டித் தராத மனுஷனுக்குப் பெயர் சொல்ல ஒருவன் கிடைத்துவிட்டான். அதோடு போதும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். நான் ஒரு வார்த்தை கேட்டேனா? இத்தனை வருஷம் கேட்கவில்லை.

இப்போது அந்த அடுத்தது வந்திருக்கிறது. உன் அம்மாவுக்கு ஒரு பெண். என் புருஷனுக்கு ஒரு பையன். எனக்கு ஈ.

அந்த உன் அம்மா யார்? சம்பந்தம் பேசி, பரிசமாக ஆடு ஓட்டிக்கொண்டு போன நாளில், மூன்றாவது ஆடு நொண்டுகிறது என்று சபை நடுவில் சொன்னவள். அது நொண்டவில்லை. நடந்த களைப்பு.

எனக்குச் சம்மதமில்லை. எஸ்தர் பெயரை வை. அவளுக்கும் கூன் இருக்கிறது.

பசு வயசாகித்தான் போனது. தெவூரியை அழ வேண்டாம் என்று சொல். அவன் தேயிலை ஆலைக்குப் போன் போட்டு என்னைக் கூப்பிடச் சொன்னதும் தெரியும். நான் போகமாட்டேன். போனில் பேசியதைப் பிறகு பேசவே இல்லை என்று சொல்லிவிடலாம். காகிதத்தில் வரட்டும்.

நம் பக்கத்தில் பெரியவர்கள் வாழ்த்தும்போது உள்ளங்கையில் துப்புவார்கள், நீயும் வாங்கியிருக்கிறாய். இந்தக் காகிதத்தில் நான் துப்பவில்லை. வெளிச்சத்தில் பிடித்துப் பார், கறை இருக்காது.

இப்படிக்கு
தெவூரியின் தாய்
வமைதா வச்சிரா


கங்கேமா மேடு
பிப்ரவரி 18, செவ்வாய்

முரிங்கோவுக்கு,

உன் பதில் வந்தது. இந்தத் தடவை எஸ்தரை நானே கூப்பிட்டு உட்காரவைத்துப் படித்தேன். பெயர் வைத்த ஈயை ஊசியில் குத்தி, பெட்டியில் வைத்து, அந்தப் பெட்டியை நூறு இருநூறு வருஷத்துக்குக் காவல் காப்பார்களாமே. நாளைக்கு எந்த நாட்டில் எவன் இந்த ஈயைப் பிடித்தாலும், என் பெயரை வாயால் சொல்லித்தான் ஆகவேண்டும் என்று எழுதியிருக்கிறாய். அந்த இடத்தை நான்கு தடவை படித்தேன். எஸ்தருக்குக் காது மந்தம். கடைசியில் அவள், மீதி ஈ ஏதாவது பெயர் இல்லாமல் இருக்கிறதா என்று உன்னிடம் கேட்கச் சொன்னாள். கேட்டுவிட்டேன். இல்லை என்று எழுது.

சம்மதம் என்று சொல்லத்தான் காகிதத்தை எடுத்தேன். அப்புறம் நீ அச்சுக்கு எழுதிவைத்ததை நம் பாஷையில் மாற்றி அனுப்பியிருந்தாயே, அதைப் படித்தேன். படித்திருக்கக் கூடாது.

ஊசியில் இருப்பது ஆணாம். ஈயின் பின்பக்கத்தைக் கண்ணாடி வைத்துப் பார்த்துத்தான் இது இன்ன ஈ என்று கண்டுபிடிப்பீர்களாம். அந்தப் பின்பக்கத்தைப் பெரிசாகப் படம் போட்டு, அதற்கு மேலே என் பெயர். நான் கோயிலில் முன் பெஞ்சில் உட்காருகிறவள், முரிங்கோ. அதுகூடப் போகட்டும், படித்தவர்கள் வழக்கம் என்று விட்டுவிடலாம். அதன் கீழே ஒரு வரி இருக்கிறதே: பெண் ஈ அறியப்படவில்லை.

அறியப்படவில்லையா? அறுபத்தெட்டு வயசுவரை இந்த மேட்டில் தண்ணீர் சுமந்து, விறகு சுமந்து, தேயிலை கிள்ளி, உன் புருஷனைப் படிக்க வைத்து, கடைசியில் இருநூறு வருஷத்துக்கு அழியாத பெட்டியில் வமைதா என்று எழுதி, கீழே பெண் அறியப்படவில்லை என்று போடுவாயா? அந்த வரி இருக்கிறவரை என் பெயரைத் தொடாதே.

இன்னொன்றும் கேள். அவளை எனக்குத் தெரியும்.

என்னை மணம் முடித்து இந்த மேட்டுக்குக் கூட்டிவந்த மூன்றாம் நாள் உன் மாமனார் நைரோபிக்கு வேலைக்குப் போய்விட்டார். மறுநாள் படையெறும்பு வந்து வீட்டுக்குள் புகுந்தது. எல்லாரும் வெளியே ஓடினார்கள். எனக்கு யாரையும் தெரியாது, யாரோடு நின்று பேச? எறும்பு போகிற வரிசைக்குப் பக்கத்தில் குந்திப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு கூன் முதுகு ஈ, மஞ்சள் கால், உன் ஈயேதான், எதையோ தூக்கிக்கொண்டு பறந்து வந்தது. வெந்த மொச்சையின் தோல் கிள்ளிப் போட்டதுபோல வெளிறி, சிறகே இல்லாமல் ஒன்று. அவளை எறும்புக்கு நடுவில் இறக்கிவிட்டு அவன் போய்விட்டான். திரும்பிப் பார்க்கவில்லை. அவள் கொஞ்சம் ஓடினாள், நின்றாள், திரும்பி ஓடினாள். அப்புறம் எறும்போடு எறும்பாக நடக்க ஆரம்பித்துவிட்டாள். அத்தனை கொடுக்கு இருந்தும் ஒன்றும் அவளைத் தொடவில்லை. எனக்கு அது ஏன் இத்தனை வருஷம் மறக்கவில்லை என்று உன் மியூசியத்தில் கேட்காதே.

சிறகில்லாததால் நீங்கள் அவளை ஈ என்றே எண்ணியிருக்க மாட்டீர்கள். மழை வரப்போகிறது, எறும்பு கிளம்பும். நீ விட்டுப்போன பூதக்கண்ணாடி என்னிடம் இருக்கிறது. அச்சை நிறுத்திவை.

உன் கடிதத்தின் அடியில் அந்தப் பிள்ளை ஒரு வரி எழுதியிருக்கிறது. "பாட்டி, உங்க ஈ கடிக்குமா?" பார்த்தேன். கையெழுத்து பரவாயில்லை.

வமைதா


கங்கேமா மேடு
மார்ச் 8, ஞாயிறு
இன்றைக்குக் கோயிலுக்குப் போகவில்லை. காரணம் உள்ளே.

மருமகள் முரிங்கோவுக்கு,

இதைக் கொண்டுவருவது மிஷன் ஆஸ்பத்திரி நர்ஸ். லீவில் உங்கள் டென்மார்க்குக்குத்தான் போகிறாள். அவள் கையில் என் மூக்குப்பொடி டப்பி இருக்கும். கவிழ்க்காமல் வாங்கு. திறந்து முகர்ந்து பார்க்காதே. மூன்று தடவை சுடுதண்ணீரில் கழுவினேன், இருந்தாலும் தும்மல் வரும்.

எறும்பு திங்கட்கிழமை கிளம்பியது. மூன்று நாள் குந்தியிருந்தேன். கணுக்கால் வீங்கி இப்போது மெய்யாகவே அந்த ஈ மாதிரிதான் நடக்கிறேன், எஸ்தர் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறாள். முதல் இரண்டு நாள் ஒன்றுமில்லை. புதன்கிழமை வெயில் எட்டிப் பார்த்த நேரத்தில் அவன் வந்தான், அவளைத் தூக்கிக்கொண்டு. இறக்குவதற்குள் தேநீர் வடிகட்டியைக் கவிழ்த்தேன். இரண்டு பேரும் உள்ளே. தப்பிக்கப் பார்த்தான். இந்தத் தடவை விடவில்லை.

ஈயைக் கெடாமல் வைக்கக் காட்டமான சாராயம் வேண்டும் என்று முன்பு சொல்லியிருக்கிறாய். இந்த மேட்டில் அது கமண்டே வீட்டுப் பின்கட்டில்தான் கிடைக்கும். உதட்டில்கூட வைத்ததில்லை நான். முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு போனேன். நல்லதா மட்டமா என்று கமண்டே கேட்டான். இருநூறு வருஷம் தாங்க வேண்டும் என்றேன். அவன் பயந்துவிட்டான். வெளியே வந்தால் கோயில் மாதர் சங்கத்துத் தலைவி எதிரே வருகிறாள். கையில் என்ன வமைதா என்று கேட்டாள். எனக்குப் பெயர்ப்பிள்ளை பிறந்திருக்கிறது, அதைக் குளிப்பாட்ட என்று சொன்னேன். அவள் நேராகக் கோயில் பக்கம் திரும்பி நடந்தாள். அடுத்த ஞாயிறு என்னைக் கூப்பிட்டு விசாரிக்கப்போகிறார்களாம், அதுவரை எனக்கு முன் பெஞ்ச் கிடையாதாம். அதனால்தான் இன்று வீட்டில் இருக்கிறேன். கூட்டத்தில் நான் ஈக் கதையைச் சொல்லிக்கொண்டு நிற்கப்போவதில்லை. உன் அச்சுக் காகிதத்தை அனுப்பு, எப்போது வந்தாலும் அதைக் காட்டிக்கொள்கிறேன்.

கண்ணாடி வைத்து எஸ்தரையும் பார்க்கச் சொன்னேன். ரொம்ப நேரம் பார்த்தாள். அப்புறம், "பொம்பளதாண்டி" என்றாள். அவ்வளவுதான், எனக்கு என்ன வந்ததோ, எழுந்து நின்று குலவை போட்டுவிட்டேன். பெண் பிறந்தால் மூன்று. எஸ்தரும் கூடச் சேர்ந்துகொண்டாள். தேயிலை கிள்ளிக்கொண்டிருந்தவர்கள் கூடையோடு ஓடிவந்தார்கள். ஒருத்தி பெற்றவளுக்கென்று கேழ்வரகுக் கஞ்சிப் பானையையே தூக்கிவந்துவிட்டாள். யாருக்குப் பிறந்தது என்று கேட்டார்கள். எனக்கு என்றேன். எஸ்தர் டப்பியைத் திறந்து காட்டினாள். கஞ்சியை என்ன செய்வது? எல்லாரும் அங்கேயே உட்கார்ந்து குடித்தோம்.

இப்போது என் சம்மதத்தை எழுதுகிறேன். பெயர் சுமக்கிற ஈயாக அவளை வை. அவனைப் பக்கத்து ஊசியில் வை, அவனுக்கு அது போதும். அந்த ஒரு வரியை அடித்துவிடு. அவளைப் பற்றி எழுதும்போது, சிறகு இல்லை என்று எழுது. சிறகை இழந்தாள் என்று எழுதாதே. கூன் முதுகு இருக்கட்டும், உள்ளதுதானே.

மூன்று நாள் எறும்புப் பக்கத்தில் குந்தினால் என்னென்னமோ யோசனை வருகிறது. உன் அம்மாவையும் இப்படித்தான் கொண்டுவந்து மலைக்கு அந்தப் பக்கம் ஒருவர் இறக்கிவிட்டுப் போனார். எனக்குத் தெரியும், சம்பந்தம் பேசிய அன்றே என்னிடம் சொன்னாள். நான்தான் ஆட்டுப் பேச்சையே பிடித்துக்கொண்டேன். ஆடு நொண்டவில்லை என்பதில் மாற்றமில்லை.

கதோனி கேட்டதற்குப் பதில் சொல். கடிக்காது. கடிப்பதெல்லாம் சுற்றி இருக்கிற எறும்புதான், அவள் நடுவில் நடப்பாள், அவ்வளவுதான். ஆமாம், எழுதிவிட்டேன் கதோனி என்று. பேனா ஒன்றும் உடையவில்லை. டிசம்பரில் அவளைக் கூட்டிவா. தெவூரியால்தான் அவளை அதட்ட முடியாது. எனக்கு என்ன வந்தது? வயிறாரச் சோறு போட்டு நான் அதட்டுகிறேன். என் குட்டிப் புருஷன் வச்சிராவையும் கூட்டிவா, வேலிக்கம்பு பாக்கி இருக்கிறது.

இந்தக் காகிதத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார், கீழே நான்கு இடத்தில் மை கலைந்து கறை இருக்கும். மழை இல்லை, நர்ஸ் மேல் பழி போடாதே. ஒன்று உனக்கு, ஒன்று தெவூரிக்கு, ஒன்று பையனுக்கு. பெரிசாக இருப்பது கதோனிக்கு. யாரும் துடைக்க வேண்டாம்.

உங்கள் அம்மா
வமைதா