புளி பட்டும் மங்காத தரை

கார்த்திகை, வியாழன் இரவு.

காட்டூரில் என் நண்பன் ரகுவின் வீட்டுக்குப் போயிருந்தேன். அவன் மனைவி மாலா பூஜை அறைத் தரையில் உட்கார்ந்து, குத்துவிளக்குகளைப் புளி போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"பாருங்கண்ணா, வாராவாரம் இங்கேயேதான் தேய்க்கிறேன். ஒரு கறை உண்டா? மாப்பிள்ளை கடை மார்பிள்னா சும்மாவா!"

"பேப்பர்ல போட்டுடாதடா, கண்ணு பட்டுடும்" என்று ரகு சிரித்தான்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அசல் வெள்ளைச் சலவைக்கல்லைப் புளி அரிக்கும். பட்ட இடம் பளபளப்பு போய் மங்கிவிடும். இந்தத் தரை கண்ணாடி மாதிரி இருந்தது. சந்தேகம் தீர, வாசற்படியோரம் குனிந்து கல்லின் வெட்டு விளிம்பைப் பார்த்தேன். மேலே ஓடும் சாம்பல் ரேகை விளிம்பில் இறங்கவில்லை. அசலில் அது கல்லுக்குள்ளும் ஓடும். இது கல்லே இல்லை, மேலே ரேகை அச்சடித்த டைல்ஸ்.

தை மாதம் ரகுவின் மகளுக்குக் கல்யாணம். ராஜஸ்தான் கல் என்று சொல்லி மாப்பிள்ளையே கூட நின்று பதித்துக் கொடுத்தாராம். காபியைக் குடித்துவிட்டுக் கிளம்பினேன்.

கல்யாணப் பெண் வித்யா கேட் வரை வந்தாள். "பெரியப்பா, விளிம்பைத்தானே பார்த்தீங்க? நானும் போன வாரம் பார்த்தேன். அப்பாவுக்குத் தெரியாது." கேட்டைத் திறந்துவிட்டபடியே கேட்டாள்: "அவரையும் யாராவது ஏமாத்தியிருப்பாங்களா, இல்ல தெரிஞ்சேதான் குடுத்தாரா?"

"விசாரிச்சுச் சொல்றேம்மா" என்றேன். நிருபர் தொழில் பழக்கம், வாயில் வந்துவிட்டது. நாளை கடைக்குப் போனால் மாப்பிள்ளைப் பையன் நாற்காலி போட்டு உட்கார வைப்பான். தனக்குத் தெரியாது என்பான். அதை நம்பலாமா? நான் சொல்வதை வைத்துத்தான் வித்யா இந்தக் கல்யாணம் வேண்டுமா என்று முடிவெடுக்கப்போகிறாள்.