ஐந்தாவது ஜோடிக் கால்

மே 9, சனி. புதுவாயல்.

தென்துருவக் கடலிலிருந்து எனக்குக் கிடைத்தது ஒரே ஒரு கோபிபாட். இறாலுக்குத் தூரத்து உறவு, மணல் அளவுதான். அதன் ஐந்தாவது ஜோடிக் காலை வரைந்து காட்டினால்தான் புதிய இனம் என்று ஏற்பார்கள். இன்று வீட்டில் ஃபேனை அணைத்துவிட்டு, அந்தக் காலை ஊசிமுனையில் எடுத்தேன். அம்மா வந்தாள்.

"இன்னாடி, இப்டி வேர்த்துக்கினு கீற?" என்று ஃபேனைப் போட்டாள்.

கால் பறந்துவிட்டது. இருவரும் டார்ச் அடித்துத் தேடினோம். கண்ணுக்கே தெரியாததை எங்கே தேடுவது? இன்னொன்று பிடிக்க எந்தக் கப்பல் என்னை ஏற்றும்?

"உடு கண்ணு. பழவேற்காட்டு எறாவுக்குக் காலு ஒடிஞ்சா மறுபடி மொளைக்குது இல்ல? இதுக்கும் மொளைக்கும்."

அது செத்துப் பல மாதமாகிறது. அம்மா துடைப்பத்தை ஒளித்துவிட்டாள். பக்கத்தில், ஃபேன் போடாமல், வேர்த்துக்கொண்டு படுத்திருக்கிறாள்.