இரண்டாவது லாக்

முதலில் நல்ல சேதிகளைச் சொல்லிவிடுகிறேன். பெரியவன் மகன் பாலிடெக்னிக்கில் முதல் வகுப்பு. சின்னவள் பெண் நர்சிங் முடித்து, முதல் சம்பளத்தில் அம்மாவுக்குக் கண்ணாடி மாற்றிக் கொடுத்தாள். நம் பேத்தி செல்வி ஒரகடத்துக் கம்பெனியில் இன்ஜின் பூட்டுகிற லைனில் இருக்கிறாள். தப்பே இல்லாமல் வேலை பார்த்ததற்குக் கேடயம் கொடுத்தார்கள். தினமும் நான்தான் அதைத் துடைக்கிறேன்.

இவ்வளவும் எழுதுவது பயத்தை அடக்கத்தான். வாசலில் உங்கள் பைக் நின்ற இடத்தில் ஓர் எண்ணெய்ச் சொட்டுதான் இருக்கிறது. செல்வி அதை ஓட்டிக்கொண்டு வல்லக்கோட்டைக் கோயிலுக்குப் போயிருக்கிறாள்.

நீங்கள் போன நாளிலிருந்து சாக்கு போர்த்திக் கிடந்த வண்டியை, போன ஞாயிற்றுக்கிழமை அவளே பிரித்துப் புது பிஸ்டன் போட்டாள். பிஸ்டனுக்குள் போகும் பின் நழுவாமல் இருக்க இரண்டு பக்கமும் மாட்டும் கம்பி வளையம், லாக் என்பீர்களே, அதை நீங்கள் என் உள்ளங்கையில்தான் வைப்பீர்கள். பிஸ்டனை மூடும் உருளையைக் காட்டி, "உன் கை காலியானாத்தாம்மே போரை எறக்குவேன்" என்பீர்கள். "சோறு பொங்கி வழியுது, நான் கையை நீட்டிக்கினே நிக்கவா?" என்று சலித்துக்கொள்வேன்.

அன்று அவள் என் கையைக் கேட்கவில்லை. நானும் நீட்டவில்லை. கேடயம் வாங்கியவளுக்கு நான் என்ன சொல்ல?

எல்லாம் மூடி முறுக்கி கிக்கரை உதைத்தாள். நாலாவது உதையில் உங்கள் சத்தம். அழுதுவிட்டேன். வண்டியை அணைத்துவிட்டுச் சாப்பிடப் போனாள். குப்பையைக் கூட்டும்போது பார்த்தால், பிஸ்டன் வந்த பிளாஸ்டிக் உறையில் ஒரு லாக் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

உபரியாக வந்ததோ? கேட்டால் சிரிப்பாளோ? முந்தானையில் முடிந்துகொண்டு, அவள் சாப்பிட்டு எழுந்திருக்கும் வரை வாயைத் திறக்கவில்லை. அவள் ஹெல்மெட்டை மாட்டியதும்தான் ஓடிப்போய் முன் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டேன்.

"ஆயா, இன்னா பண்ற? வழி வுடு."

"லாக் எத்தினி போட்ட?"

"ஒண்ணு."

"இன்னொண்ணு?"

"அது போட்டேதான் வரும். எங்க லைன்ல என் கைக்கு வரும்போதே ஒரு பக்கம்..." பாதியில் நிறுத்திவிட்டாள்.

"இங்க யாருடி போட்டது? உங்க தாத்தா எழுந்து வந்தாரா?"

திரும்பப் பிரித்தாள். பிஸ்டனுக்குள் இருந்த பின், லாக் இல்லாத பக்கம் நெல் அளவு நகர்ந்திருந்தது. நாலு மைல் போயிருந்தால் போரைக் கிழித்து இன்ஜின் இறுகியிருக்கும். சக்கரம் அப்படியே நின்றிருக்கும். பின்னால் கண்டெய்னர் லாரி வந்துகொண்டிருக்கும்.

"எங்க சூப்பர்வைசர்கிட்ட சொல்லிடாத ஆயா" என்று சிரிக்கப் பார்த்தாள். உதடு ஒத்துழைக்கவில்லை.

இன்று காலை புது கேஸ்கட் வைத்து, என் கண்ணெதிரே இரண்டு லாக்கையும் மாட்டி மூடிவிட்டுத்தான் கிளம்பினாள். ஆனாலும் பயம் போகவில்லை. லாக்கை நான் எண்ணலாம், லாரிகளை யார் எண்ணுவது? நீங்கள் ஓட்டிய காலத்தில் உங்களிடம் சொல்லாமல் வைத்திருந்த பயம் இது. உங்களோடு போய்விடும் என்று நினைத்தேன். என்னிடமே தங்கிவிட்டது.

கோயில் வாசலில் வண்டியை நிறுத்தி, பக்கத்தில் நின்று ஒரு போட்டோ எடுத்துப் போடு என்று அவளுக்குப் போனில் பேசி அனுப்பியிருக்கிறேன். சிரிக்க வேண்டாம், தலை வார வேண்டாம். இருக்கிற பழைய போட்டோ எதுவும் எனக்கு வேண்டாம். இப்போது எடுத்ததாக இருக்கட்டும்.