சித்தப்பா திட்டும் பெடியன்

அன்புள்ள அம்மா,

நான் சுகம். உங்கள் முழங்கால் வலி குறைந்ததா? போர்வைக்குள் ரோச் வெளிச்சத்தில் எழுதுகிறேன். சித்தி கண்டால் ஏசுவார்.

சித்தப்பாவுக்கு அமெரிக்கன் ஃபுட்போல் பைத்தியம். அதில் பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்துபவன்தான் குவாட்டர்பேக். அவருடைய அணிக்கு இந்த வருடம் புதிதாக ஒரு பெடியன் வந்திருக்கிறான். இன்றும் பந்தை எதிரணியிடமே எறிந்தான்.

“டேய், கண் தெரியேல்லையோ? உன்னைக் கூட்டிக்கொண்டு வந்தவனைச் சொல்லோணும்!” என்று சித்தப்பா ரீவியைப் பார்த்துக் கத்தினார்.

நானும் இந்த வருடம் சித்தப்பா இந்த நாட்டுக்குக் கூட்டிவந்தவள்தானே. கணக்குச் சோதனையில் ஃபெயில் என்று அவருக்கு இன்னும் சொல்லவில்லை.

“சித்தப்பா, அவனை அணியிலயிருந்து நிப்பாட்டிப்போடுவினமோ?” என்று மெல்லக் கேட்டேன்.

“விசரே உனக்கு? முதல் வருசம் ஆர் ஒழுங்கா எறிஞ்சது? நான் ஏசுவன். வேற ஆரும் அவனை ஏசட்டும் பாப்பம்!”

பிறகு அந்தப் பெடியனின் நம்பர் போட்ட தன் ரீசேர்ட்டைத் தோய்த்து, அடுத்த ஆட்டத்துக்கென்று ஹீற்றரில் காயப்போட்டார்.

காலையில் அவரிடம் சொல்லிவிடுவேன், அம்மா. இப்போது பயம் கொஞ்சம்தான்.

இதைக் கொண்டுவரும் பெர்னடெற் அன்ரியிடம் உங்கள் தலையணை உறை ஒன்று கொடுத்துவிடுங்கள். தோய்க்க வேண்டாம்.

சித்தி எழும்பிவிட்டார். ரோச்சை அணைக்கிறேன்.

உங்கள் ஜெனோஜா